பிள்ளைக்கு முகம் கொடுக்க: பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்த வீட்டில் செய்ய வேண்டியவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான் எனும் குடியிருப்புகளிலும் பிள்ளை பெற்ற பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் தாதியாக என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. மிஸ்ஸி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது வாசலில் வந்து நின்று, “மிஸ்ஸி, மருமக பிள்ளய ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்குறா, ஒரு எட்டு வந்து பாருங்களேன்” என்று கேட்பது நிற்கவில்லை. அவர்களிடம் நேரில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளைக் கவனிப்பதில் குறை வைக்கமாட்டார்கள். பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், வயிற்றுக்கட்டு எல்லாம் முறையாக நடக்கும். பிள்ளைக்குத் தொப்புள் காய்ந்ததா, மஞ்சள் இறங்கியதா, எடை ஏறியதா என்று பார்ப்பார்கள். தாயைத் தனியாகப் பார்க்கிறோம், பிள்ளையைத் தனியாகப் பார்க்கிறோம். இருவருக்கும் நடுவில் நடப்பதைப் பார்க்க யாரும் சொல்லித் தருவதில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு கை வைப்பது அந்த நடு இடத்தில்தான்.

சாதாரண அழுகையும் மனச்சோர்வும்

பிரசவமாகி மூன்று, நான்கு நாளில் காரணமே இல்லாமல் கண்ணீர் வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. சிரித்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று அழுவாள். உடம்பில் சுரப்புகள் சட்டென்று இறங்குவதும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்கிற வேலை அது. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் தாண்டியும் கிட்டத்தட்ட தினமும் மனம் இருண்டே கிடந்தால் அது வேறு. பிள்ளை தூங்கும்போதுகூடத் தனக்குத் தூக்கம் வராது. பிடித்த சாப்பாடும் தொண்டையில் இறங்காது. “நான் தாயா இருக்கவே லாயக்கில்ல” என்ற நினைப்பு சுற்றிச் சுற்றி வரும். சிலர் அழவே மாட்டார்கள். எரிந்து விழுவார்கள், அல்லது கல் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். இது முதல் மாதத்தில்தான் வரும் என்றில்லை, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு வருகிறது, அதில் பெரும்பங்கு மனச்சோர்வுதான் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அப்படியென்றால் உங்கள் தாமானில் ஒரே வரிசையில் இருக்கும் வீடுகளிலேயே ஒருத்தி இருக்கலாம்.

கண்ணேறு பட்டுவிட்டது, பச்சை உடம்பில் காற்று கருப்பு அண்டிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வாருங்கள், தாராளமாக. அதே வாரம் கிளினிக்குக்கும் போங்கள். நான் வற்புறுத்திச் சொல்வது அந்த இரண்டாவது வேலையை.

இருவருக்கும் நடுவில் நடப்பது

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மார்பில் படுத்துப் பால் குடிக்கிற பிள்ளையிலிருந்து தாயின் முகம் இருக்கும் தூரமும் ஏறக்குறைய அதுதான். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். அதற்கு முன்பே அதன் பேச்சு ஆரம்பித்துவிடும்: ஒரு முனகல், புருவத் தூக்கல், நாக்கை வெளியே நீட்டல். பூப்பந்து ஆட்டம் மாதிரி அது ஒன்றை அனுப்பும், நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டும். மறுபடி அது அனுப்பும்.

மனச்சோர்வில் இருக்கும் தாய்க்கு அந்தப் பந்து வருவது தெரியாமல் போகும், அல்லது தெரிந்தும் கை எழாது. பிள்ளை ‘ங்ங்’ என்று சத்தம் கொடுத்து வெகுநேரம் கழித்துத்தான் அவள் திரும்புவாள். குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. நம் பெண்கள் பிள்ளையைக் கண்டதும் குரலை உயர்த்தி, “யாரு செல்லம், யாரு ராசாத்தி” என்று இழுத்து இழுத்துப் பேசுவார்களே, அந்த இழுப்பு இருக்காது. முகம் அசையாது.

இது ஒரு வகை. இன்னொரு வகையும் உண்டு, அதை வீட்டார் சட்டென்று கண்டுபிடிக்கமாட்டார்கள். இந்தத் தாய் சும்மா இருக்கவே மாட்டாள். பிள்ளை தலையைத் திருப்பினால் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள், கிலுகிலுப்பையை மூக்குக்கு நேரே ஆட்டுவாள், குடித்து முடித்த பிள்ளையின் வாயில் மறுபடி மறுபடி பாலைத் திணிப்பாள். பார்ப்பவர்கள், “எவ்வளவு அக்கறை பாரு” என்பார்கள். உள்ளே அவளைப் பதற்றம் தின்றுகொண்டிருக்கும். ஒதுங்கிப் போகிற தாயும் விடாமல் துரத்துகிற தாயும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். ஒரே தாயிடம் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்பார்கள். நன்றாகத் தெரியும். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். தாய் முதலில் பிள்ளையோடு வழக்கம் போல் கொஞ்சுவாள். பிறகு சில நிமிடங்களுக்கு முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில மாதப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிட்டன. முதலில் சிரித்துப் பார்த்தன, கையை ஆட்டிப் பார்த்தன, சத்தம் போட்டுப் பார்த்தன. ஒன்றும் நடக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இவர்கள் நலமான தாய்மார்கள், அதுவும் சில நிமிடம்தான். வாரக்கணக்கில் அப்படி ஒரு முகத்தையே பார்க்கிற பிள்ளை எப்படி இருக்கும்?

கம்போங் ஓரத்துப் பலகை வீடு ஒன்றில் அதைப் பார்த்தேன். மூன்று மாதப் பையன். ஸ்பிரிங் தொட்டிலிலிருந்து எடுத்துத் தாயின் மடியில் கிடத்தினோம். அவன் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்தான், சன்னல் கம்பியைப் பார்த்தான், என் கழுத்தில் கிடந்த கிளினிக் அட்டையைப் பார்த்தான். அம்மா குனிந்ததும் மோவாயைத் தோளுக்குள் இடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிவிட்டான். கண்ணை மட்டும் திருப்பவில்லை, மொத்தத் தலையையும் திருப்பினான். “பாத்தீங்களா மிஸ்ஸி, இவனுக்கு என்னைப் பிடிக்கல” என்றாள் அவள். அவள் குரலில் கோபம் இல்லை, ரொம்ப நாளாகத் தெரிந்த சேதியைச் சொல்வது போல் சொன்னாள். பிள்ளைக்குத் தாயைப் பிடிக்காமல் போவதில்லை. கேட்டுக் கேட்டுப் பதில் வராததால் கேட்பதை நிறுத்தியிருந்தான், அவ்வளவுதான். ஆனால் அவன் திரும்பிக்கொள்வதைப் பார்த்து அவள் இன்னும் ஒதுங்குவாள், அவள் ஒதுங்குவதைப் பார்த்து அவன் இன்னும் திரும்புவான். வீட்டார் அறுக்க வேண்டியது இந்தச் சுற்றை. நாள்பட விட்டால் பிள்ளை மற்றவர்களிடமும் அதே மந்தத்தோடு இருக்கத் தொடங்கும். பின்னால் பேச்சு வருவதிலும் மனம் கட்டுப்படுவதிலும் சிரமங்கள் தெரியலாம்.

இதைப் படிக்கிற தாய்க்கு ஒன்று. ட்ரோனிக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் நலமான தாய் பிள்ளைகளைக் கவனித்தபோது, இருவரும் ஒத்துப்போய் இருந்த நேரம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும் மறுபடி பிடிப்பதும்தான். பிள்ளை கற்றுக்கொள்வது அந்த மறுபடி பிடிப்பதில். ஆகவே நாள் முழுக்கக் கொஞ்ச வேண்டியதில்லை. சில நிமிடங்கள் போதும், அவை திரும்பத் திரும்ப வந்தால்.

வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கவனிப்பது

ஒரு பால் நேரம் முடிந்து பிள்ளை விழித்து அமைதியாக இருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். வெங்காயம் உரிப்பது போல் ஏதாவது கைவேலை வைத்துக்கொள்ளுங்கள், தாய்க்குப் பரீட்சை எழுதுவது போல் இருக்கக் கூடாது. பத்து நிமிடம் பார்த்தால் போதும். பிள்ளை சத்தம் கொடுத்தால் தாய் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறாள்? தானாகப் பிள்ளையிடம் ஏதாவது பேசுகிறாளா? பேசுவது பிள்ளையைப் பற்றியா (“என்ன பாக்குற, லைட்டா?”), தன் கஷ்டத்தைப் பற்றியா? பிள்ளை தாயின் முகத்தைத் தேடுகிறதா? மற்றவர்களைப் பார்ப்பதற்கும் தாயைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதா?

ஒரு நாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையும் வயிறு உப்பிய பிள்ளையும் யாரையும் பார்க்காது. கொஞ்ச நேரம் விளையாடிய பிறகு பிள்ளை பார்வையைத் திருப்புவதும் இயல்புதான், அதற்கு ஓய்வு வேண்டும். ஒரு வாரம் இடைவிட்டுப் பார்த்தும் அதே மாதிரி இருந்தால் நடவடிக்கை எடுங்கள்.

பார்த்ததை அவளிடம் குற்றமாகச் சொல்லாதீர்கள். “பிள்ள ஒன்ன பாக்கவே மாட்டேங்குது பாரு” என்ற ஒரு வாக்கியம் அவளை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளும். “நாங்கல்லாம் பெத்துப் போட்டுட்டு மறு மாசமே பால் மரம் வெட்டப் போனோம்” என்பதையும் விட்டுவிடுங்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டாய் இருந்தது, லயத்தில் அடுத்த வீட்டுச் சத்தம் இந்த வீட்டில் கேட்டது, பிள்ளை அழுதால் யாராவது ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். இன்று தாமான் வீட்டில் கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு பகல் முழுக்கத் தனியாக இருக்கிறாள் இந்தப் பெண். இரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லை. அந்தக் காலத்திலும் இந்த நோய் இருந்தது, அதற்குப் பெயர் வைக்க யாரும் இல்லை.

வேலையை வாங்குங்கள், பிள்ளையை வாங்காதீர்கள்

என் முழு அனுபவத்தில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்வேன். மருமகள் சோர்ந்திருக்கிறாள் என்றதும் மாமியார் நல்ல மனதோடு பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறார். குளிப்பாட்டுவது, புட்டிப்பால் கொடுப்பது, தூங்க வைப்பது எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். தாய் துணி துவைப்பாள், சமைப்பாள், அல்லது படுத்துக் கிடப்பாள். பிள்ளை பாட்டியைப் பார்த்துச் சிரிக்கும். தாய் அதைப் பார்ப்பாள், நான் இல்லாவிட்டாலும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டுவாள். அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்று விளக்க வேண்டியதில்லை.

தலைகீழாகச் செய்யுங்கள். துணி, சமையல், பாத்திரம், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, வருகிறவர்களுக்குத் தேநீர் கலப்பது, இதெல்லாம் மற்றவர்கள் தலையில். பிள்ளையோடு இருக்கும் நல்ல நேரம் தாயின் கையில். அழுது அடம்பிடிக்கும் நேரத்தில் பிள்ளையைப் பாட்டி வாங்கிக்கொள்ளட்டும், குளித்து முடித்துப் பளிச்சென்று முழிக்கும் நேரத்தில் தாயிடம் கொடுங்கள். பல வீடுகளில் இது அப்படியே மாறி நடக்கிறது.

இரவுத் தூக்கம் மட்டும் விதிவிலக்கு. ஒரே மூச்சில் நான்கைந்து மணி நேரம் தூங்கினால்தான் மனம் தேறும். அந்த நேரத்தில் பிள்ளையை அப்பாவோ பாட்டியோ வேறு அறையில் வைத்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவளென்றால் படுக்கப் போகும் முன் ஒரு முறை கொடுத்துவிட்டு, இடையில் வரும் ஒரு பாலுக்கு முன்கூட்டியே பிழிந்து வைக்கலாம். செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் கணவர்கள், “நான் எப்படி முழிக்கிறது” என்பார்கள். இரவு ஷிஃப்ட் இல்லாத வாரத்தில் செய்யுங்கள், மீதி வாரத்துக்கு அம்மாவையோ மச்சினியையோ கேளுங்கள். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 98 நாள், தந்தைக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தந்தை விடுப்புக்கு ஒரே முதலாளியிடம் ஓராண்டாவது வேலை செய்திருக்க வேண்டும், பிரசவ தேதிக்கு 30 நாளாவது முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும். அந்த ஏழு நாளை விருந்தாளிகளுக்கு மேகி வாங்கி வருவதில் செலவழிக்காதீர்கள்.

கணவருக்கும் மனச்சோர்வு வரலாம். அவர் பேசாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே சுற்றினால் அதையும் யோசியுங்கள். அவர் நலமாக இருந்தால் பிள்ளைக்குப் பெரிய பலம். தாய் தேறி வரும் வரை தினமும் கலகலப்பாக முகம் கொடுக்கும் இன்னொரு ஆள் வீட்டில் இருப்பது பிள்ளையைக் காப்பாற்றும்.

தாய் செய்யக்கூடியது

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம். அதற்கு மேல் கேட்கமாட்டேன்.

தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். தொலைக்காட்சியை அணையுங்கள். முழங்காலை மடக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, தொடையில் பிள்ளையைக் கிடத்துங்கள், அதன் முகம் உங்கள் முகத்துக்கு நேரே வரும். முதலில் ஒன்றும் செய்யாமல் பாருங்கள். பிள்ளை ஏதாவது செய்யும், கொட்டாவி விடும், விரலை விரிக்கும். அதையே நீங்களும் செய்யுங்கள், அல்லது அதைச் சொல்லுங்கள்: “கொட்டாவி வந்துருச்சா?” சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மெதுவாகப் பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். பிள்ளைக்குப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும், பெரியவர்கள் அவசரப்பட்டு அடுத்ததைச் சொல்லிவிடுகிறோம். அது திரும்பிக்கொண்டால் பின்தொடராதீர்கள். தாடையைத் தொடாமல் காத்திருங்கள். திரும்பி வந்ததும் கண்ணால் வரவேற்றால் போதும்.

அந்தப் பலகை வீட்டில் இதைத்தான் செய்தோம். அவள் காத்திருந்தாள். பையன் காற்றாடியைப் பார்த்துக்கொண்டே நாக்கை நீட்டினான். அவளும் நீட்டினாள், கூச்சத்தோடு. அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். மறுபடி நீட்டினான், இந்த முறை முகம் பாதி திரும்பியிருந்தது. அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது. அடுத்த ஊசிக்கு வந்தபோது முழுதாகப் பார்த்தான்.

மனதில் ஒன்றும் தோன்றாவிட்டாலும் செய்யுங்கள். பாசம் பொங்கிய பிறகு கொஞ்சலாம் என்று காத்திருக்க வேண்டாம், பலருக்கும் செயல் முன்னே போகும், மனம் பின்னால் வரும். இது நடிப்பு என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ளாதீர்கள். பேச வார்த்தை வராவிட்டால் தெரிந்த தாலாட்டை முணுமுணுங்கள். பாட்டில் ஏற்ற இறக்கம் ஏற்கெனவே இருக்கிறது, குரல் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். அதுவும் முடியாத நாளில் கையில் எடுத்த ஜட்டி, சட்டை, பவுடர் ஒவ்வொன்றின் பேரையும் சொல்லுங்கள்.

அப்புறம் எண்ணெய். லண்டனில் மனச்சோர்வுள்ள தாய்மார்களுக்குப் பிள்ளையைத் தேய்த்துவிடக் கற்றுக்கொடுத்துச் செய்த சிறு ஆய்வு 2001இல் வெளிவந்தது. அந்த வகுப்புக்குப் போனவர்கள் பிள்ளையோடு பழகுவதில் நல்ல மாற்றம் இருந்தது. நம் வீட்டில் அந்த வகுப்பு தினமும் நடக்கிறது, பாட்டிதான் நடத்துகிறார். பாட்டியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: எண்ணெய் அம்மா, தண்ணீர் பாட்டி.

பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். காற்றாடியை நிறுத்துங்கள். பாயில் கெட்டித் துண்டை விரித்துப் பிள்ளையைக் கிடத்துங்கள். ஒரு கரண்டி தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் உரசிச் சூடாக்குங்கள். முகத்தில் தொடங்காதீர்கள், காலில் தொடங்குங்கள். தொடையிலிருந்து பாதம் வரை பசு மாட்டுக் காம்பைப் பிடிப்பதில் பாதி அழுத்தம்கூட வேண்டாம், தோல் அசைகிற அளவு போதும். ஒரு கால் முடிந்ததும் நிறுத்தி முகத்தைப் பாருங்கள். வாய் தளர்ந்து கண் உங்களைத் தேடினால் அடுத்த காலுக்குப் போங்கள். விரல்களைப் பரப்பி, முதுகை வில்லாக வளைத்து, விக்கல் எடுத்தால் போதும் என்று சொல்கிறது, மூடிவிட்டுத் தூக்கிக்கொள்ளுங்கள். தாய் கற்றுக்கொள்வது எண்ணெய் தேய்ப்பதையல்ல, பிள்ளை சொல்வதைப் படிப்பதை. அதனால் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, “இப்படி அமுக்கு, அப்படி இழு” என்று திருத்தாமல் இருந்தால் நல்லது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கைப் பிடித்து நீவுவது, குளித்ததும் சாம்பிராணிப் புகையில் காட்டுவது, இவற்றை விட்டுவிடுங்கள். பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

கிளினிக்குப் போவது

மேலே சொன்னதெல்லாம் மருந்துக்குப் பதில் இல்லை. அதே மாதிரி மருந்து இதற்குப் பதில் இல்லை. தாயின் மனச்சோர்வு மருந்தில் குறைந்த பிறகும் பிள்ளையோடு இருக்கும் பழக்கம் தானாகச் சீராகாமல் போகலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிந்திய சோதனை நாளும், பிள்ளைக்கு 2, 3, 5 மாதத்தில் ஊசி போடும் நாட்களும் நல்ல வாய்ப்பு. அப்படியே சொல்லுங்கள்: “மிஸ்ஸி, எனக்கு மனசு சரியில்ல, பிள்ளை மேல ஒட்டுதல் வரல.” தமிழ் தெரியாத தாதி என்றால், பிரசவத்துக்குப் பின் ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று மலாயில், “சாயா ராசா சாங்காட் செடிஹ் செலெபாஸ் பெர்சாலின்” என்றால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். கவுண்டரில் கூட்டமாக இருந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் புத்தகத்துக்குள் வைத்து நீட்டுங்கள். கணவர் கூட வந்து, “வீட்டிலும் இப்படித்தான் இருக்கிறாள்” என்று ஒரு வார்த்தை சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொடுக்கலாம். 1987இல் உருவானது, கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். மொத்தம் 30 புள்ளி. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு உண்மையைச் சொல்லுங்கள். “ஆமாம்” என்றால் பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள் என்று பயந்து ‘ஒருபோதும் இல்லை’ என்று கோடு போட்டவர்கள் பலர். பறிக்கமாட்டார்கள், உங்களைக் கவனிப்பார்கள். ரத்தச் சோகை, தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், இரண்டும் இதே மாதிரி சோர்வைக் காட்டும்.

நம் ஊரில் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒரு பெயர்: தஞ்சோங் ரம்புத்தான். அங்குள்ள மனநல மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பதால், “அங்க அனுப்பிடுவாங்க, ஊரே பேசும்” என்ற பயம் சின்ன வயதிலிருந்தே நமக்குள் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வில் பெரும்பாலானவை அரசாங்கச் சுகாதார கிளினிக்கிலேயே, ஒரு ரிங்கிட் கட்டணத்தில், மருத்துவரோடு பேசியும் தேவைப்பட்டால் மாத்திரையோடும் குணமாகின்றன. செர்ட்ரலின் போன்ற மருந்தைத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம், தாய்ப்பாலில் போவது மிகக் கொஞ்சம். வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் வாரத்திலேயே பலன் இல்லை என்று நிறுத்த வேண்டாம். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

பேசித் தேற்றுவதால் என்ன ஆகும் என்று நினைப்பவர்களுக்கு: பாகிஸ்தானில் ராவல்பிண்டி வட்டாரக் கிராமங்களில் மனநலப் பட்டம் எதுவும் இல்லாத சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள தாய்மார்களின் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது அவர்களிடம் 23 விழுக்காட்டினருக்குத்தான் நோய் இருந்தது. வழக்கமான வருகை மட்டும் கிடைத்த தாய்மார்களிடம் 53 விழுக்காடு. அட்டிஃப் ரஹ்மானும் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து முறையாகப் பேசுவதற்கு அவ்வளவு பலம் உண்டு.

ஒரு நிலைமைக்கு மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. பிரசவமாகி முதல் சில வாரங்களில், இரவு பகலாகத் தூங்காமலும் களைக்காமலும் இருக்கிறாள், இல்லாத குரல் கேட்கிறது, பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்கிறாள், பிள்ளைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்கிறாள் என்றால் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், 999 கூப்பிடுங்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும், நல்ல சிகிச்சையில் குணமாகும், ஆனால் ஒரு மணி நேரம்கூட பிள்ளையோடு தனியாக விடக் கூடாது. மந்திரிப்பதற்கு அது நேரமல்ல. சாகத் தோன்றுகிறது என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாலும் அதே வேகம் வேண்டும். நடு இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555.

விடுப்பு முடியும்போது

98 நாள் முடிந்து வேலைக்குத் திரும்பும் வாரத்தில் தேறி வந்தவர்களும் சறுக்குவார்கள். இரண்டு வாரம் முன்னதாகவே பிள்ளை பார்க்கும் அக்கா வீட்டில் தினம் ஒரு மணி நேரம் நீங்களும் கூட உட்காருங்கள். பிள்ளை எப்போது திரும்பிக்கொள்ளும், என்ன சத்தத்துக்கு எப்படிப் பதில் சொன்னால் பிடிக்கும் என்று அந்த அக்காவுக்குச் சொல்லிக்கொடுங்கள். அப்படிச் சொல்லும்போதுதான் தன் பிள்ளையைத் தனக்கு எவ்வளவு தெரியும் என்பது பல தாய்மார்களுக்கே தெரிகிறது. மாலையில் வந்ததும் கைகால் கழுவிவிட்டு நேரே அடுப்புக்குப் போகாதீர்கள். முதல் கால் மணி நேரம் பிள்ளைக்கு, சோறு பிறகு. வீட்டார் இதற்கு முகம் சுளித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஒரு முறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் வரும் வாய்ப்பு கூடுதல். அடுத்த பிள்ளைக்குக் கர்ப்பப் பதிவுக்கான பிங்க் புத்தகம் போடுகிற முதல் நாளே அதைத் தாதியிடம் சொல்லி எழுத வையுங்கள். என்ன மருந்து, எத்தனை மாதம் எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து.